ஒலிக்கு ஓர் உரைகல்

பாட்டைப் பதிவு செய்வது ஒரு கலை. பதிவு செய்த பாட்டைச் சரியாகக் கேட்பது மற்றொரு கலை. முதற்கலையைப் பற்றி ஆர்வத்துடன் கேள்விகள் கேட்கும் மாணவர் பலர், இரண்டாவது கலையைப் பற்றி அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே இன்று அந்த இரண்டாவது கலையைப் பற்றியும், அதற்கு வேண்டிய முக்கியமான ஒரு கருவியைப் பற்றியும் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஒரு காலத்தில் ஒலிப்பதிவு என்பது வானொலி நிலையங்களுக்கும், திரைப்படக் கூடங்களுக்கும், இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. இன்று அப்படியன்று. ஒரு கணிப்பொறி, ஒரு மைக்ரோபோன், அவ்விரண்டையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி, இம்மூன்றும் இருந்தால் கல்லூரி மாணவர் ஒருவர் தம் வீட்டு அறையிலேயே பாட்டைப் பதிவு செய்து உலகத்தின் முன் வைத்துவிடலாம். பணமும் செல்வாக்கும் இல்லாத இளைஞருக்குத் திறந்திருக்கும் பெரிய வாயில் இது. ஆனால் அந்த வாயிலைக் கடப்பதற்கு நான்காவதாக ஒன்று தேவைப்படுகிறது. பதிவு செய்தது எப்படி இருக்கிறது என்று நமக்கு உள்ளபடி சொல்லும் ஒலிபெருக்கியே அது. இதற்கு ஸ்டுடியோ மானிட்டர் என்று பெயர்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல இசைப்பெட்டி இருக்கிறதே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இசைப்பெட்டியின் தொழில் கேட்பவரை மகிழ்விப்பது. தாழ்ந்த சுரங்களைச் சற்றுப் பெருக்கியும், மேல் சுரங்களுக்குச் சற்றுப் பளபளப்பு ஏற்றியும் அது பாடுகிறது. அதில் குற்றமில்லை, விருந்துக்குச் சமைப்பவர் நெய்யைத் தாராளமாக விடுவது போன்றது அது. ஆனால் குழம்புக்கு உப்புப் பார்ப்பவரின் நாக்கில் முன்கூட்டியே உப்பைத் தடவிவிட்டால் என்ன ஆகும்? உப்புப் போதும் என்று அவர் நினைத்துக் கொள்வார். சாப்பிட வந்தவர்களுக்கோ குழம்பு சப்பென்று இருக்கும். தாழ்ந்த சுரங்களைப் பெருக்கிக் காட்டும் பெட்டியைக் கேட்டுப் பாட்டைச் சீர்செய்பவரின் நிலையும் இதுவே. மிருதங்கத்தின் தொப்பி ஒலி அதிகமாக இருக்கிறதென்று எண்ணி அதை அவர் குறைப்பார். பிறர் வீட்டில் கேட்கும்போது அங்கே தொப்பியே இராது. பெட்டி எந்தப் பக்கம் பொய் சொல்கிறதோ, அதற்கு நேர்மாறான பக்கத்தில் நம் பாட்டுக் கெடுகிறது.

பொன்னின் மாற்றை அறிய ஆசாரி பயன்படுத்தும் உரைகல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கறுப்பாக, அழகின்றி இருக்கும். பொன்னை அது மினுக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. மானிட்டர் ஒலிபெருக்கி ஒலிக்கு உரைகல் போன்றது. தாழ்ந்த சுரம் முதல் உச்ச சுரம் வரை எல்லாவற்றையும், தனக்கென ஓர் ஆசையின்றி, வந்த அளவிலேயே வெளியிடுவது அதன் கடமை.

இத்தகைய ஒலிபெருக்கிகளின் வரலாற்றில் வானொலிக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. 1970-களில் பி.பி.சி. நிறுவனம், வெளியிடங்களுக்குச் சென்று ஒலிபரப்பும் வண்டிகளுக்குள் வைப்பதற்கு ஒரு சிறு மானிட்டரைத் தன் ஆராய்ச்சிப் பிரிவில் உருவாக்கியது. எல்.எஸ். 3/5ஏ என்பது அதன் பெயர். அதன் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஆழம் 16. ஒரு பள்ளிப் பைக்குள் அடங்கிவிடும் பெட்டி! அது மிகத் தாழ்ந்த சுரங்களைத் தரமாட்டாது. ஆயினும் மனிதக் குரலை அது கொண்டுவந்து நிறுத்திய நேர்மைக்காக இன்றும் அதைப் புகழ்கிறார்கள். பின்லாந்தில் 1978-இல் தோன்றிய ஜெனெலெக் நிறுவனமும் அந்நாட்டு வானொலியின் தேவைக்காகவே தன் முதல் மானிட்டரைச் செய்தது.

அதே 1978-இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் என்.எஸ். 10 என்னும் பெட்டியை வீட்டு உபயோகத்துக்காக வெளியிட்டது. வெள்ளைக் காகிதக் கூம்பு கொண்ட அந்தப் பெட்டிக்கு வீட்டு நேயர்களிடம் பெரிய வரவேற்புக் கிடைக்கவில்லை. ஆனால் ஒலிப்பதிவாளர்கள் அதைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். மேல் சுரங்கள் காதைக் குத்தியபோது, உயர் சுரங்களைத் தரும் சிறு ட்வீட்டரின் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். 2001-இல் அதன் உற்பத்தி நின்ற பின்னரும் பல ஸ்டுடியோக்களில் அது இடம்பெற்றிருந்தது. காரணம் என்ன? அந்த ஆண்டிலேயே இங்கிலாந்தில் நியூவெல், ஹாலண்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறியது. துளையின்றி மூடப்பட்ட அந்தப் பெட்டியில், ஒலி நின்ற பிறகு கூம்பும் விரைவாக நின்றுவிடுகிறது. தாழ்ந்த சுரம் இழுபடுவதில்லை. ஆகவே குறைகள் இருந்தும், நேரத்தைப் பொறுத்தவரையில் அது நாணயமான சாட்சியாக இருந்தது.

இவ்விரு வரலாறுகளிலிருந்தும் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. நல்ல மானிட்டர் பெரியதாகவோ, விலை மிகுந்ததாகவோ, கேட்டவுடன் மயக்குவதாகவோ இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. தன்னால் இயன்ற எல்லைக்குள் அது உண்மை சொல்லவேண்டும். அதன் எல்லை எது என்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இனி, கடைக்குச் செல்லுமுன் விவரத்தாளைப் படிக்கும் முறையைக் காண்போம். மனிதச் செவி நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கவல்லது என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். நொடிக்கு ஓர் அதிர்வை ஒரு ஹெர்ட்ஸ் என்கிறோம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அவர் மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ‘ஸ’ என்னும் எழுத்தின் சீறலோ பல ஆயிரங்களில் இருக்கிறது. ஒலிபெருக்கியின் விவரத்தாளில் இத்தனை ஹெர்ட்ஸ் முதல் இத்தனை வரை என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைத் தனியே நம்பலாகாது. எத்தனை டெசிபெல் குறைவில் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். 2013-இல் வெளிவந்த யமஹா எச்.எஸ். 5 என்னும் சிறு மானிட்டருக்குத் தாழ்ந்த எல்லை 54 ஹெர்ட்ஸ் என்று குறித்திருக்கிறார்கள். ஆனால் அது 10 டெசிபெல் குறைந்த நிலையில் எடுத்த கணக்கு. 10 டெசிபெல் குறைவு என்றால் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கிறது என்று பொருள். 3 டெசிபெல் குறைவு என்னும் கடுமையான அளவுகோலை வைத்தால், அதே பெட்டியின் எல்லை 74 ஹெர்ட்ஸ் என்று அந்நிறுவனமே சொல்கிறது. பெட்டி ஒன்றே, அளவுகோல் இரண்டு. ஒரு நிறுவனத்தின் 54-ஐ மற்றொரு நிறுவனத்தின் 74-உடன் ஒப்பிட்டு முன்னது சிறந்தது என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். டெசிபெல் கணக்கே குறிக்காத விவரத்தாளாயின், அந்த எண்ணை விளம்பரம் என்று கொண்டு விட்டுவிடலாம்.

வாட் கணக்கும் இவ்வாறே மயக்குவது. ஆற்றல் இரு மடங்கானாலும் ஒலியளவு 3 டெசிபெல்தான் கூடுகிறது. மூன்றடி தூரத்தில் அமர்ந்து கேட்கும் ஒருவருக்கு 100 வாட் பெட்டியும் 50 வாட் பெட்டியும் பயனில் ஏறக்குறைய ஒன்றே. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவேண்டிய அவசியமில்லை.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த மானிட்டர்களை ஆக்டிவ் வகை என்பார்கள். இவற்றுள் பலவற்றில் பெரிய கூம்புக்கு ஓர் ஆம்ப்ளிஃபயரும் ட்வீட்டருக்கு மற்றோர் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனியே இருக்கும். செய்தவரே அவற்றைப் பொருத்தம் பார்த்து அமைத்திருப்பதால், தனி ஆம்ப்ளிஃபயர் தேடி அலையும் செலவும் தொல்லையும் நமக்கு இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு இவ்வகையே ஏற்றது.

இதுவரை பெட்டியைப் பற்றிக் கூறினேன். இப்பொழுது அதைவிட முக்கியமான ஒன்றைக் கூறப்போகிறேன். நீங்கள் கேட்பது ஒலிபெருக்கியை மட்டுமன்று. உங்கள் அறையையும் சேர்த்தே கேட்கிறீர்கள். சிறிய அறையில், பெட்டி சொல்லும் பொய்களைவிட அறை சொல்லும் பொய்களே பெரியவை.

நம் ஊர் வீடுகளில் பத்தடிக்குப் பத்தடி அறைகள் மிகுதி. உயரமும் பத்தடிக்கு அருகிலேயே இருக்கும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,130 அடி செல்கிறது. ஒரு சுவரில் புறப்பட்ட ஒலி எதிர்ச்சுவரில் மோதி மீண்டும் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர 20 அடி செல்லவேண்டும். 1,130-ஐ 20-ஆல் வகுத்தால் 56 1/2 வருகிறது. ஆகவே சுமார் 56 ஹெர்ட்ஸ் சுரம் அந்த அறையில் எழும்போது, போகும் அலையும் வரும் அலையும் ஒன்றோடொன்று சேர்ந்து நிலை அலையாகிவிடும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளத் தள்ள அது உயர்வதில்லையா, அதைப் போல அந்த ஒரு சுரம் மட்டும் வீங்குகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறையில் மூன்று திசைகளிலும் அதே சுரம் வீங்குவதால் தொல்லை மும்மடங்கு. பேஸ் கிதாரின் இரண்டாம் தடித்த தந்தியின் சுரம் 55 ஹெர்ட்ஸ் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. இந்த வீக்கம் சுவர் அருகில் மிகுதி. இரு சுவர்களுக்கும் நட்ட நடுவில் அந்தச் சுரம் ஏறக்குறைய மறைந்தே போகிறது. நான் அறிந்த கல்லூரி மாணவர் ஒருவர், சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் கொடுத்து எட்டு அங்குலக் கூம்புள்ள பெரிய மானிட்டர் இரண்டை வாங்கி, அறையின் இரு மூலைகளிலும் வைத்து, தாம் அறையின் நடுவில் அமர்ந்து பாட்டுக்களைச் சீர்செய்து வந்தார். அடித்தளச் சுரங்கள் போதவில்லை என்று அவற்றை மேலும் மேலும் உயர்த்தினார். அந்தப் பாட்டை நண்பரின் காரில் போட்டபோது இடி இடிப்பது போல் இருந்தது. பெட்டி சரியில்லை, விற்றுவிட்டு இன்னும் உயர்ந்ததாக வாங்கப் போகிறேன் என்று என்னிடம் வந்தார். நான் அவர் அறைக்குச் சென்று, பெட்டிகளை மூலையிலிருந்து விலக்கி, நாற்காலியை ஒன்றேகால் அடி முன்னே நகர்த்தச் சொன்னேன். காணாமற்போன சுரங்கள் மீண்டும் கேட்டன. செலவு ஒன்றுமில்லை. அந்த மாணவர் மறுபடியும் கடன் வாங்கிக் கொண்டுவந்திருக்கக்கூடிய புதிய பெட்டியும் அந்த நடுவிடத்தில் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும்.

ஆகவே பெட்டியை வைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அறை நீள்சதுரமாக இருந்தால், குறுகிய சுவரின் ஓரத்தில் பெட்டிகளை வைத்து, நீளவாட்டில் ஒலி செல்லும்படி அமையுங்கள். வலச்சுவரும் இடச்சுவரும் உங்களுக்குச் சம தூரத்தில் இருக்கவேண்டும். ஒரு புறம் சுவரும் மறுபுறம் திறந்த வாசலுமாக இருந்தால் இரு காதுகளும் ஒரே செய்தியைப் பெறமாட்டா. அமரும் இடத்துக்குத் தொடக்கமாக, முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் நூற்றுக்கு 38 பங்கு தூரத்தை வைத்துக்கொள்ளலாம். பத்தடி அறையில் அது நான்கடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பெட்டிகளும் உங்கள் தலையும் மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தின் மூன்று முனைகளாக இருக்கட்டும்; பக்கம் ஒவ்வொன்றும் மூன்றடி போதும். ட்வீட்டர் உங்கள் காதின் உயரத்தில் நிற்கவேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் அடியில் கனமான மரக்கட்டையோ செங்கல்லோ வைத்து, இடையில் ரப்பர்த் துண்டைச் செருகலாம். பின்பக்கத்தில் துளையுள்ள பெட்டியாயின் சுவரோடு ஒட்டவைக்காமல், துளை மூச்சுவிடச் சில அங்குலம் இடம் கொடுங்கள்.

பெட்டியை அண்மையில் வைத்துக் கேட்பதன் கருத்து யாதெனில், பெட்டியிலிருந்து நேரே வரும் ஒலி மிகுந்து, சுவரில் பட்டு வரும் ஒலி குறைந்திருக்கும் என்பதே. எனினும் சுவர் சும்மா இருப்பதில்லை. சாந்து பூசிய செங்கற்சுவர், தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கை மட்டுமே ஏற்றுக்கொண்டு, எஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது. அந்த எதிரொலி நம் காதை அடையும் இடத்தை ஒரு கண்ணாடியால் கண்டுபிடிக்கலாம். நீங்கள் இருக்கையில் அமர்ந்திருக்க, உங்கள் தம்பியோ தங்கையோ முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச்சுவரோடு வைத்து நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஒலிபெருக்கி தெரிகிறதோ, அந்த இடமே ஒலி மோதித் திரும்பும் இடம். அங்கே ஒலியை விழுங்கும் பொருளை மாட்டவேண்டும்.

என்ன பொருள்? முட்டை அட்டைகளைச் சுவர் முழுதும் ஒட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது; மெல்லிய காகிதமாகிய அவற்றால் தாழ்ந்த சுரங்களுக்கு யாதொரு பயனும் இல்லை. ஓர் அங்குலப் பஞ்சுத்தகடும் உச்ச சுரங்களை மட்டும் விழுங்கி, அறையை மந்தமாக்கிவிடும். தாழ்ந்த சுரத்தின் அலை நீளமானது. 100 ஹெர்ட்ஸுக்கே 11 அடிக்கு மேல். ஆதலின் கனம் வேண்டும். நான்கு அங்குலக் கனமுள்ள ராக்வூல் பலகையை மரச்சட்டத்தில் அடைத்து, காற்றுப் புகும் துணியால் மூடி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டுவது நல்ல முறை. அதன் இழைகள் மூச்சில் புகாதபடி, வேலை செய்கையில் முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்வது அவசியம். அதற்கும் வசதியில்லையெனில், வீட்டிலுள்ள இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் நிறுத்திப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டட ஒலியியலின் தந்தை எனப்படும் வாலஸ் சபைன் 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றை ஆராயத் தொடங்கியபோது, நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கித்தான் எதிரொலியை அளந்தார். திறந்த ஜன்னலையே அவர் ஒலி விழுங்கும் அளவுக்கு அலகாகக் கொண்டார். வெளியே சென்ற ஒலி திரும்பி வராதன்றோ!

இன்னும் ஒன்று. அறையில் இரும்புப் பீரோ இருந்தால், அதன் கதவும் தகடும் சில சுரங்களுக்குத் தாமும் சேர்ந்து பாடும். பெட்டியில் ஏதோ அதிர்கிறது என்று கடைக்குத் தூக்கிச் செல்லுமுன், பீரோவின் மேல் கையை வைத்துப் பாருங்கள்.

இப்போது எவ்வளவு பெரிய பெட்டி வாங்குவது என்னும் கேள்விக்கு விடை தானே கிடைக்கிறது. பத்தடி அறையில் எட்டு அங்குலக் கூம்பு, அறையின் நிலை அலைகளையே மேலும் எழுப்பிவிடும். ஐந்து அங்குலக் கூம்பு பொதுவாகப் போதும்; மிகச் சிறிய அறையில் மூன்றரை அங்குலத்தையும் ஒதுக்கவேண்டியதில்லை. நான் கூறிய எச்.எஸ். 5 மட்டுமன்றி, 2013-இல் வந்த ஜே.பி.எல். எல்.எஸ்.ஆர். 305, 2018-இல் வந்த ஆடம் டி5வி, அதே ஆண்டில் வந்த ஆறரை அங்குலக் கூம்புள்ள கலி எல்.பி. 6 முதலியவை சிக்கனமான மானிட்டர்கள் என்று பெயர் பெற்றவை. எந்த நிறுவனத்துக்கும் விளம்பரமாக இவற்றைச் சொல்லவில்லை. எவ்வகைப் பெட்டியைத் தேடவேண்டும் என்பதற்கு அடையாளமாகவே சொல்கிறேன். இத்தகைய பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தில் சிறு விசைகள் இருக்கும். சுவருக்கு அருகில் வைப்பதால் மிகும் தாழ்ந்த சுரத்தை 2 அல்லது 4 டெசிபெல் குறைப்பதற்காக அமைந்தவை அவை. வீட்டு அறையில் பயன்படுத்துவோருக்கு இவ்விசைகள் மிக உதவும். வாங்குமுன் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடையில் சோதிக்கும் முறையையும் கூறிவிடுகிறேன். உங்களுக்கு நெடுநாள் பழக்கமான நான்கு ஐந்து பதிவுகளைக் கொண்டு செல்லுங்கள். அவற்றுள் ஒன்று பக்கவாத்தியம் அதிகமில்லாத தனிக்குரலாக இருக்கட்டும். பேச்சாக இருந்தால் இன்னும் நன்று. மனிதக் குரலில் சிறு மாறுதல் நேர்ந்தாலும் நம் செவி உடனே கண்டுகொள்ளும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சற்று உரக்கப் பாடும் பெட்டியே சிறந்ததாகத் தோன்றுவது மனித இயல்பு. விற்பனையாளருக்கு அது தெரியும். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, பெட்டியை மட்டும் இயங்கவிட்டு அருகில் காது கொடுங்கள். சீறல் எவ்வளவு என்று தெரியும். விலை ஒரு பெட்டிக்கா, ஜோடிக்கா என்று கேட்க மறவாதீர்கள். பல நிறுவனங்கள் ஒற்றைப் பெட்டியின் விலையையே குறிக்கின்றன. பழைய பெட்டி வாங்குவதாயின், கூம்பின் ஓரத்து வளையத்தில் வெடிப்பு உண்டா, ட்வீட்டர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியாயின், அது நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றதுதானா என்று பின்புறத்தில் படித்துப் பார்த்த பிறகே இணைப்புக் கொடுக்கவேண்டும்.

இணைப்பதிலும் கவனம் தேவை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அது கம்பியில் புகுந்துவிட்டால் ‘ஹ்ம்ம்’ என்னும் இரைச்சல் இடைவிடாது ஒலிக்கும். பாலன்ஸ்டு எனப்படும் கம்பியில் இரு தந்திகள் ஒரே செய்தியை எதிரெதிராகச் சுமந்து செல்வதால், வழியில் புகும் இரைச்சல் மறுமுனையில் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. அத்தகைய கம்பியையே வாங்குங்கள். மூன்று முள் செருகியின் எர்த் முள்ளை முறித்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யாரேனும் சொன்னால் கேளாதீர்கள். உயிரைக் காப்பதற்காக அமைந்த முள் அது.

எவ்வளவு உரக்கக் கேட்பது? 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்னும் இருவர், ஒலியளவு குறையக் குறையத் தாழ்ந்த சுரங்களை நம் செவி குறைவாகவே உணர்கிறது என்று அளந்து காட்டினார்கள். ஆகவே ஒரு நாள் உரக்கவும் மறுநாள் மெதுவாகவும் வைத்து வேலை செய்தால், நம் தீர்ப்பும் நாளுக்கு நாள் மாறும். எதிரிலிருப்பவருடன் குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவில் ஒலியை வைத்து, அந்த இடத்தைக் குமிழில் குறித்துக்கொண்டு, எப்பொழுதும் அதே அளவில் வேலை செய்யுங்கள். இது செவியின் நலத்துக்கும் உகந்தது. 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பதே தொழிலாளர் நலத்துக்காக அமெரிக்க ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்த எல்லை. 3 டெசிபெல் கூடும்தோறும் நேரம் பாதியாகிறது. 91 டெசிபெல்லில் 2 மணி நேரம்தான். ஒலிபெருக்கி கெட்டால் வேறொன்று வாங்கலாம். உரத்த ஒலியால் அழிந்த செவி நரம்பு மீண்டும் முளைப்பதில்லை.

பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை தராமல் இரவில் வேலை செய்ய விரும்புவோரும், அறையைச் சீராக்க வழியே இல்லாதோரும் என்ன செய்வது? அவர்களுக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன் உற்ற துணையாகும். அறையின் பொய் அதில் புகாது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. ஒலிபெருக்கியில் கேட்கும்போது இடப்பெட்டியின் ஒலி வலக்காதுக்கும் சிறிது எட்டுகிறது; ஹெட்ஃபோனில் எட்டுவதில்லை. அதனால் இடம் வலம் என்னும் பிரிவு இயல்புக்கு மேல் அகன்று தோன்றும். இரண்டும் உள்ளவர்கள், ஒன்றில் செய்ததை மற்றொன்றில் சோதித்துப் பார்ப்பது நலம்.

முடிவாக, நம் பாட்டைக் கேட்கப்போகிறவர்களை மறந்துவிடக்கூடாது. பெரும்பாலோர் கைப்பேசியிலும், பேருந்திலும், காதில் செருகும் சிறு கருவியிலும் கேட்கிறார்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கி தாழ்ந்த சுரங்களை ஏறக்குறைய விட்டேவிடும். மானிட்டரில் திருப்தி ஏற்பட்ட பிறகு, கைப்பேசியிலும் ஒருமுறை போட்டு, பாடலின் சொற்கள் தெளிவாக விளங்குகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். பெரிய ஸ்டுடியோக்களிலும் இந்த வழக்கம் உண்டு. 1970-களிலும் 80-களிலும் ஆரடோன் என்னும் ஒற்றைக் கூம்புச் சிறு பெட்டியை மேசைமேல் வைத்திருந்தது, சாதாரண ரேடியோவில் தம் பாட்டு எப்படிக் கேட்கும் என்று அறிவதற்காகத்தான்.

செலவு செய்யும் வரிசையை இப்போது நீங்களே கூறிவிடுவீர்கள். முதலில் செலவில்லாத வேலையாகிய இருக்கையையும் பெட்டியையும் உரிய இடத்தில் அமைத்தல்; இரண்டாவதாக, சிறியதாயினும் நேர்மையான ஐந்து அங்குல மானிட்டர் ஒரு ஜோடி; மூன்றாவதாக, பணம் மிஞ்சினால் கனமான ராக்வூல் பலகைகள். பெரிய பெட்டிக்கு மாறும் எண்ணம் இவை மூன்றும் முடிந்த பிறகு வரட்டும். வாங்கிய முதல் மாதத்தில் புதிதாக எதையும் பதிவு செய்ய அவசரப்படாமல், நன்றாகச் செய்யப்பட்ட பிறர் பதிவுகளை அந்தப் பெட்டிகளில் நாள்தோறும் கேட்டு வாருங்கள். நல்ல பதிவு உங்கள் அறையில் எப்படி ஒலிக்கிறது என்பது செவியில் பதிந்துவிட்டால், உங்கள் பதிவு எங்கே மிகுந்திருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்பது தானே விளங்கும். அந்தப் பயிற்சியைக் கடையில் வாங்க முடியாது. பொறுமையுடன் கேட்பவர் எவரும் அதைப் பெறலாம்.